வெள்ளிக்கிழமை லைன்

14 அக்டோபர் 2003, செவ்வாய். வேலூர்.

காலையில் தூறல். பள்ளிகொண்டா அருகே தோல் ஏற்றி வந்த லாரி கவிழ்ந்து நெடுஞ்சாலையில் வெகுநேரம் போக்குவரத்து நின்றது. ஆள் சேதம் இல்லை. பத்திரிகைக்குப் பதினோரு வரியில் அனுப்பிவிட்டேன்.

மதியம் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை. ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து எல்லாச் செய்தியும் யூனிகோடு என்ற புது எழுத்துமுறையில், மின்னஞ்சலில் மட்டுமே வரவேண்டும். ஃபேக்ஸ் இயந்திரத்தை எடுத்துவிடுவார்கள். பழைய எழுத்துருவில் வருவதை அங்கே உட்கார்ந்து யாரும் திரும்பத் தட்டமாட்டார்கள்.

எனக்குக் கீழே நான்கு பகுதி நிருபர்கள். காவேரிப்பாக்கத்துக்காரர் பள்ளி ஆசிரியர், புதுக் கணினி வாங்கிவிட்டார். ஆம்பூர், பள்ளிகொண்டா இருவரும் பிரவுசிங் சென்டரில் சமாளித்துக்கொள்வார்கள். மிச்சம் கலவை கோதண்டராமன். அவர் பெயருக்குப் பக்கத்தில் சென்னையில் யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்கள்: "முடியாவிட்டால் கலவையை ஆற்காட்டு நிருபரிடம் சேர்த்துவிடலாம்."

சேர்த்துவிடலாம். அவருடைய இருபத்திரண்டு வருட வேலைக்கு ஒரே சொல்.

16 அக்டோபர், வியாழன்.

கலவைக்குப் போய்வந்தேன். கோதண்டராமன் விதைக் கடையில் இருந்தார். சுற்றறிக்கையைப் படித்துவிட்டு நிலக்கடலை மூட்டையின் மேல் வைத்தார்.

அவர் செய்தி தட்டுவது பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைக் கடையில். அங்கே இருப்பது பழைய கணினி. மின்னஞ்சல் போகும், ஆனால் பத்திரிகை அடிக்கும் எழுத்துரு, டைப்ரைட்டர் முறை விசைப்பலகை. புது எழுத்து அந்தக் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. கடைக்காரர் கணினியை மாற்றமாட்டார். மாற்றச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை.

"புது கீபோர்டு கத்துக்கலாமே?" என்றேன்.

"அறுபத்தொண்ணு ஆச்சி சார். வெரலு அது பாட்டுக்குப் போவுது, நானா போறேன்? இன்னா இப்போ, ஆத்காட்டுக்காரன் கலவையப் பாத்துப்பான். பஸ் ஏறி ஒரு தபா வந்துட்டுப் போவான். போதும்."

"உங்களுக்குப் போதுமா?"

மூட்டை மேலிருந்து சுற்றறிக்கையை எடுத்து மடித்தார். "கால்நடை ஆஸ்பத்திரில டாக்டர் இல்லாம ஏழு மாசம் ஆவுது. அத இன்னொரு தபா எழுதலாம்னு இருந்தேன்," என்றார். மனைவி இறந்த பிறகு அவருக்கு எஞ்சியிருக்கும் துணை இந்தச் செய்திகள்தான். அவர் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் காலை ஆறு மணிக்கு எனக்கு போன் செய்கிற ஆள் மாவட்டத்தில் அவர் ஒருவர்தான்.

ஏதாவது செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எதைச் செய்வது?

19 அக்டோபர், ஞாயிறு.

ஆராதனை முடிந்து வந்து மின்னஞ்சல் பார்த்தேன். தமிழ் இணையக் குழு ஒன்றில் வியாழன் இரவு ஒரு கேள்வி போட்டிருந்தேன். சிட்னியிலிருந்து ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். அவர் எழுதிய ஒரு புரோகிராமும் கூடவே வந்திருக்கிறது. மின்னஞ்சலில் வரும் கோப்பைத் தானே பிரித்து எடுக்கும், பழைய எழுத்தை யூனிகோடாக மாற்றும், நாம் சொல்கிற முகவரிக்கு அனுப்பிவிடும். கோதண்டராமன் எதையும் மாற்றவேண்டாம். வேலை முழுக்க வேலூர் அலுவலகத்துக் கணினியில் நடக்கும்.

முன்பின் தெரியாதவர். ஊர் கேட்டேன், "யாழ்ப்பாணம், இப்போது இங்கே" என்று மட்டும் எழுதினார். ஸ்தோத்திரம்.

ஒரு சிக்கல். அந்தப் புரோகிராம் பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது. அது ஓட மற்றவர்கள் எழுதி வைத்த சிறு தொகுப்புகள் — மாட்யூல் என்கிறார்கள் — பல வேண்டும். அவற்றைத் தேடிப்போய் எடுத்துவந்து கணினியில் பொருத்த, பெர்லிலேயே ஒரு கருவி இருக்கிறதாம். ஒரு தடவை அதற்கு நம் வீட்டு வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும் என்கிறார்.

"வேலைக்காரி மாதிரியா?" என்றாள் என் மனைவி ரோஸ்.

"புது நர்ஸ் மாதிரி."

"அப்போ சீக்கிரம் முடியாது," என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாள். வார்டு சிஸ்டராக இருபது வருட அனுபவம் பேசுகிறது.

22 அக்டோபர், புதன்.

அலுவலகக் கணினியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டு ஒரு வருடம் ஆகிறது. கணினிப் பத்திரிகை ஒன்றோடு வந்த குறுந்தகட்டில் இருந்தது. கருவியைத் திறந்ததும் கேள்வி கேட்க ஆரம்பித்தது. முப்பது வருடமாக நான் மற்றவர்களைக் கேட்டிருக்கிறேன். என்னை உட்காரவைத்து இத்தனை கேள்வி கேட்டது இதுதான் முதல்.

நான் கொண்டுவருவதை எங்கே வைக்கட்டும்? எவ்வளவு இடம் தருவாய்? பழையதை எப்போது துடைக்கட்டும்? உன் திரை மேற்கு ஐரோப்பிய எழுத்தைத்தானே எதிர்பார்க்கிறது?

இந்தக் கடைசிக் கேள்வியில் கொஞ்சம் நின்றேன். இல்லை ஐயா, தமிழை எதிர்பார்க்கிறது. "இல்லை" என்று போட்டேன்.

வேலை பாதியில் அசையாமல் நின்றால் எவ்வளவு நேரம் காத்திருக்கட்டும்? பூஜ்யம் என்றால் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்குமாம். யோசிக்காமல் பூஜ்யம்.

ஒரு மாட்யூலுக்கு இன்னொரு மாட்யூல் தேவைப்பட்டால் உன்னைக் கேட்கவா, கேட்காமல் தொடரவா, விட்டுவிடவா? இது என்ன கேள்வி — கேள். கேட்காமல் எழுதுகிறவன் நிருபரா?

எந்தக் கண்டம், எந்த நாடு, எந்த இடத்திலிருந்து எடுக்கட்டும்? உலகம் முழுக்க இந்தத் தொகுப்புகளின் நகல்களை வைத்திருக்கிறார்கள். ஆசியா, அதில் நமக்கு ஆகப் பக்கத்தில் இருப்பது. சம்பவ இடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரனைத்தான் முதலில் விசாரிக்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்லி முடித்து, முதல் மாட்யூலைக் கேட்டேன். போய் எடுக்க ஆரம்பித்தது. தொலைபேசி இணைப்பு அறுந்தது. மறுபடி போட்டேன். அறுந்தது. மழைக்காலத்தில் இந்த லைனில் பேசவே முடியாது.

25 அக்டோபர், சனி.

மறுபடி இரண்டு தரம். அறுந்தது. அறுந்தது.

28 அக்டோபர், செவ்வாய்.

ரம்ஜான் நோன்பு நேற்று ஆரம்பம். ஆம்பூர் நசீர் அகமதுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டேன். ஷூவின் மேல்பாகம் தைத்து இத்தாலிக்கு அனுப்பும் தொழிற்சாலை அவருடையது. வேலைநிறுத்தச் செய்தி சேகரிக்கப் போய் அவரோடு சண்டை போட்டு, பிறகு சிநேகமானவர். பேச்சுவாக்கில் லைன் தொல்லையைச் சொன்னேன்.

"அரே, இத ஏன் முன்னாடியே சொல்லல நீங்க? நம்ம ஆபீஸ்ல ஐ.எஸ்.டி.என். லைன் இருக்கு, நல்ல வேகம். வாங்க."

"உங்க ஆளுங்களுக்குத் தொந்தரவு…"

"வெள்ளிக்கிழமை வாங்க தோஸ்த். ஃபேக்டரி லீவு. லைன் சும்மா கெடக்கும். ஃபீபி மட்டும்தான் இருக்கும்."

ஆம்பூரில் பல தொழிற்சாலைகளுக்கு வெள்ளிதான் விடுமுறை. ஆனால் இத்தாலிக்காரனுக்கு வெள்ளி வேலைநாள். அவன் மின்னஞ்சல் போட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஏற்றுமதிப் பத்திரங்களைப் பார்க்கும் ஃபீபி கிறிஸ்தவப் பெண். அவளுக்கு ஞாயிறு லீவு. அதனால் ஐந்து வருடமாக வெள்ளிக்கிழமை அந்த அலுவலகமே அவளுடையது.

31 அக்டோபர், வெள்ளி.

கணினிப் பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றிப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். "இன்னா சார், டிவியா?" என்றார் நடத்துநர். "செய்தி" என்றேன். லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டார்.

ஃபீபிக்கு முப்பத்தைந்து இருக்கும். கதவைத் திறந்ததும், "நீங்கதான் பொட்டி சாரா? மொதலாளி சொன்னாரு. அந்த டேபிள்ல வைங்க. என் பிரிண்டர்கிட்ட மட்டும் வராதீங்க, அது ஏற்கெனவே பேஜார் பண்ணுது," என்றாள்.

இணைத்தோம். ஒன்றும் வரவில்லை. அரைமணி நேரம் கேபிளைக் கழற்றி மாட்டினேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. அன்று கேட்ட கேள்விகளில் ஒன்று: வெளியே போக இடையில் வாயிற்காவல் கணினி ஏதாவது உண்டா? வேலூரில் இல்லை, அதனால் வெற்றாக விட்டிருந்தேன். இங்கே உண்டு. அதன் முகவரி ஃபீபியின் கணினியில் இருந்தது. எழுதிச் சேர்த்ததும் தடதடவென்று ஓடியது. எங்கள் ஊர் லைனில் பார்க்காத வேகம். இருவரும் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பார்த்தோம்.

ஆனால் ஓட்டம் நின்றது. பட்டியலில் இருக்கும் கோப்பு அந்த இடத்தில் இல்லையாம். பெயர் இருக்கிறது, பொருள் இல்லை.

7 நவம்பர், வெள்ளி. ஆம்பூர்.

காரணம் தெரிந்தது. பக்கத்தில் இருக்கிறதே என்று நான் தேர்ந்தெடுத்த நகல் பல வாரங்களாகப் புதுப்பிக்கப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரிந்தது எல்லாம் போன மாதத்துச் செய்தி. பின்லாந்துக்கு மாற்றினேன். அங்கே எல்லாம் இருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து வருவது பக்கத்தில் இருந்து வந்ததைவிடச் சீக்கிரம் வருகிறது.

"பின்லாந்து எங்க சார் இருக்கு?" என்றாள் ஃபீபி.

"பனிப்பிரதேசம். ரஷ்யாவுக்குப் பக்கத்துல."

"அவங்களுக்கு இன்னா சார் நம்ம மேல அக்கறை? கலவைல ஒருத்தர் டைப் அடிக்கணும்னு."

நியாயமான கேள்வி.

மூன்று மாட்யூல் பொருந்தியதும் அவளுக்கு அவசர வேலை வந்துவிட்டது. லைனை விட்டுக்கொடுத்தேன்.

14 நவம்பர், வெள்ளி.

இன்று திறந்தால் மறுபடி பழைய நகலுக்கே போய் நிற்கிறது. மாற்றினேனே? மாற்றினேன். ஆனால் மாற்றியதைப் பதிவு செய் என்று தனியாக ஒரு கட்டளை கொடுக்கவேண்டுமாம், கொடுக்கவில்லை. எழுதி முடித்து அனுப்பாமல் மேஜையில் விட்டுப்போன செய்தி மாதிரி. அதைக் கண்டுபிடிக்கவே பொழுது போயிற்று. பிறகு மழையில் ஆம்பூர் லைனும் போனது.

18 நவம்பர், செவ்வாய்.

கோதண்டராமன் ஆறு மணிக்குக் கூப்பிடவில்லை. இரண்டாவது நாள்.

20 நவம்பர், வியாழன்.

நானே கூப்பிட்டேன். "எனக்காக நீங்க பொட்டியத் தூக்கினு பஸ்ல போறீங்களாமே. காவேரிப்பாக்கத்து வாத்தியார் சொன்னாரு. இன்னாத்துக்கு சார் இதெல்லாம்? நான் அடையாள அட்டைய அனுப்பிடறேன். மரியாதையா போய்ட்டா நல்லா இருக்கும்."

"அனுப்பாதீங்க."

"ஆத்காட்டுக்காரன்கிட்ட கால்நடை ஆஸ்பத்திரி விஷயம் சொல்லிட்டேன். அவன் எழுதிக்கட்டும்."

அவர் விஷயத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். அட்டையை அனுப்புவதைவிட அதுதான் என்னைக் கலக்கியது. அவர் வாயால் விட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் விட்டுவிட்டார்.

28 நவம்பர், வெள்ளி. ஆம்பூர்.

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுதவேண்டும். எழுதினால்தான் சிரிப்பு வரும்.

புதன்கிழமை பெருநாள். இன்று பெரிய மாட்யூலை, மின்னஞ்சலைப் பிரிக்கும் முக்கியமானதை, எடுக்க உட்கார்ந்தேன். கட்டளை கொடுத்தேன். ஓட ஆரம்பித்தது. அப்போது நசீர் அகமது வாசலில் வந்து நின்றார்.

"பெருநாள் போய் ரெண்டு நாள் ஆச்சி. நம்ம வீட்டுக்கு வராம இங்க ஒக்காந்துனு மெஷின் கூட பேசறீங்க. நசீமுன்னிசா கேக்குறா. எழுந்திருங்க."

"பாய், இது முடியட்டும்…"

"மெஷின் அது வேலைய அது பாக்கும். பிரியாணி ஆறிப்போனா அதுக்கப்புறம் நான் உங்ககிட்ட பேசமாட்டேன்."

பெருநாள் அழைப்பை மறுப்பது இந்த ஊரில் முடியாத காரியம். எழுந்தேன். போகும்போது ஃபீபியிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: "இது எது கேட்டாலும் நீ பதில் சொல்லாத. ஒரு பட்டனையும் தொடாத."

பிரியாணி, தால்சா, பிறகு பால் சேமியா ஊற்றிய ஷீர் குர்மா. நசீர் அகமதின் மனைவி நசீமுன்னிசா அம்மா ஒவ்வொரு தரமும், "இது ஒரு கரண்டிதான்" என்று சொல்லி இரண்டு கரண்டி வைத்தார். நசீர் அகமது தன் மாமா வாணியம்பாடியில் தேர்தலில் தோற்ற கதையை முதலிலிருந்து சொன்னார். அருமையான கதை. நான் இதைச் செய்தியாகத் தந்தபோது தவறாக எழுதினேன் என்று இடையில் நான்கு தரம் சொன்னார்.

திரும்பி வந்தபோது ஃபீபி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சார், நீங்க படி எறங்கின ஒடனே மெஷின் ஏதோ கேட்டுச்சு."

"என்ன கேட்டுது?"

"இது வேணும்னா இன்னும் மூணு வேணுமாம். நான் போய் எடுத்துனு வரட்டுமான்னு கேட்டுச்சு. ஆமான்னு ஒரு தட்டு தட்டினா போதும் போல இருந்துச்சு. நீங்கதான் தொடாதன்னு சொல்லிட்டுப் போய்ட்டீங்களே. அது என்னப் பாக்குது, நான் அதப் பாக்குறேன்."

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அது அந்த ஒரு கேள்வியோடு நின்றிருக்கிறது. கேள் என்று சொன்னவன் நான். எவ்வளவு நேரமானாலும் காத்திரு என்று சொன்னவனும் நான்.

"ஃபீபி, ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"பெருநாள் சாப்பாட்டுல ஒக்காந்திருக்கிறவரைப் போன் பண்ணி எழுப்ப முடியுமா? இன்னா சார் நீங்க!"

அவள் சொன்னது சரி. அதற்குள் இத்தாலியிலிருந்து பத்திரங்கள் கேட்டு மின்னஞ்சல் குவிந்துவிட்டது, லைன் அவளுக்கு வேண்டியிருந்தது. கிளம்பும் முன் ஒரே ஒரு காரியம் செய்தேன். கேட்கவா, தொடரவா என்ற இடத்தில் "தொடர்" என்று மாற்றினேன். பதிவு செய் என்ற கட்டளையையும் கொடுத்தேன். சரியாகப் பதிந்ததா என்று வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்ப் பார்த்தேன்.

முப்பது வருட வழக்கத்தை மாற்ற இரண்டு வரிதான் வேண்டியிருந்தது.

5 டிசம்பர், வெள்ளி. ஆம்பூர்.

ஒரே கட்டளை. கை கட்டி உட்கார்ந்தேன்.

அது போனது. ஒன்றை எடுத்தது. அதற்கு இன்னொன்று வேண்டும் என்று தெரிந்ததும் அதை முதலில் போய் எடுத்தது. அதற்கும் ஒன்று. எல்லாவற்றையும் கட்டி, ஒவ்வொன்றையும் சோதித்து, சரி, சரி, சரி என்று பத்தி பத்தியாக ஓடவிட்டது. என்னை ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபீபி பார்த்துவிட்டு, "இப்போதான் சார் இது பொறுப்பா இருக்கு," என்றாள்.

காத்திருந்த நேரத்தில், வந்து சேர்ந்த மாட்யூல்களின் விளக்கங்களைப் படித்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் எழுதியவரின் பெயர். முகவரி. அதற்குக் கீழே திருத்தம் சொன்னவர்களின் பெயர்கள். ஒன்றில் ஒருவர் ஒரே ஒரு வரியைச் சரிசெய்திருக்கிறார், அவர் பெயரும் இருக்கிறது. இன்னொன்றில், "என் மனைவிக்கு, பொறுத்துக்கொண்டதற்கு" என்று இருந்தது. எல்லாம் இலவசம். எடுத்துக்கொள், சரியாக வேலை செய்யும் என்று உறுதி தரமுடியாது, ஆனால் பெயர் இதோ, தப்பு இருந்தால் சொல்.

நம் தொழிலில் நேர்மாறு. பத்திரிகையில் "நமது நிருபர்" என்று போடுவார்கள். இருபத்திரண்டு வருடமாகக் கலவையைச் சுமந்தவர் அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறார். நானும்தான்.

கடைசி மாட்யூல் ஒன்று மட்டும் சோதனையில் தோற்றது. வற்புறுத்திப் பொருத்த ஒரு கட்டளை இருக்கிறது. மனம் வரவில்லை. உறுதிப்படாததை எப்படி உள்ளே விடுவது? எழுதியவருக்கே மின்னஞ்சல் எழுதினேன்.

9 டிசம்பர், செவ்வாய்.

பதில் வந்துவிட்டது. டென்மார்க்காரர். அந்தச் சோதனை வெளியே ஒரு கணினியோடு பேசிப்பார்க்கும், ஆம்பூரின் வாயிற்காவல் அதை விடாது, அவ்வளவுதான். பயமில்லாமல் பொருத்துங்கள் என்கிறார். "பிரச்சினை உங்கள் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் வானிலை உட்பட முழுவதையும் படித்தேன்." மழை பெய்ததை நான் ஏன் எழுதினேன்? கை பழக்கம்.

மனிதர் நாலே நாளில் பதில் எழுதியிருக்கிறார். நம் மாவட்டத்தில் எந்த அலுவலகம் எழுதும்?

12 டிசம்பர், வெள்ளி. ஆம்பூர்.

பொருந்தியது. பழைய ஃப்ளாப்பியில் இருந்த கோதண்டராமனின் செய்தி ஒன்றை — வாரச்சந்தைக்குக் கழிப்பறை இல்லை, 2001 — உள்ளே விட்டேன். மறுபக்கம் சுத்தமான புது எழுத்தில் வந்தது. வாசித்தேன். அவர் குரல். "பெண்கள் படும் அவதி சொல்லி மாளாது" என்று அவர் எப்போதும் எழுதுவார், நான் எப்போதும் வெட்டுவேன். அதுவும் அப்படியே வந்திருந்தது.

ஃபீபி கைதட்டினாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

17 டிசம்பர், புதன். வேலூர்.

கோதண்டராமனை அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். சட்டைப் பையில் அடையாள அட்டையோடு வந்தார், கொடுத்துவிட்டுப் போவதற்கு. உட்காரவைத்துக் காட்டினேன். தன் செய்தி மாறுவதைப் பார்த்தார். நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"நான் ஒண்ணும் மாத்த வேணாமா?"

"வேணாம். வழக்கம்போல அந்தக் கடைல தட்டுங்க. இந்த முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்க. மிச்சத்த இது பாத்துக்கும்."

"இதெல்லாம் யாரு சார் செஞ்சது?"

மாட்யூல்களின் அடியில் இருந்த பெயர்களைக் காட்டினேன். டென்மார்க், பின்லாந்து, சிட்னி, எங்கென்றே தெரியாத சிலர்.

"இவங்களுக்கு இன்னா தராங்க?"

"ஒண்ணும் இல்ல. பேர் போடுறாங்க."

அவர் சிரித்தார். "நமக்கு அதுகூட இல்லியே சார்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். அட்டையை எடுத்துத் திரும்பச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, "ஆத்காட்டுக்காரன் அந்தக் கால்நடை ஆஸ்பத்திரிய எழுதிட்டானா?" என்று கேட்டார்.

"இல்ல."

"நல்லதாப் போச்சி."

18 டிசம்பர், வியாழன்.

காலை ஆறு மணிக்கு போன். கலவை.

22 டிசம்பர், திங்கள்.

புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். மின்னஞ்சல் எந்த முகவரியிலிருந்து வந்ததோ அதற்குரிய நிருபர் பெயரை எடுத்து, செய்தியின் தலையில், "நமது நிருபர்" இருந்த இடத்தில் வைக்கிறது. நான்கு பேருக்கும். சென்னையில் வெட்டுவார்கள். வெட்டட்டும். பெயர் போய்ச் சேர்வது என் வேலை.

25 டிசம்பர்.

நல்ல ஆராதனை. ரோஸுக்குப் பகல் டியூட்டி. வார்டில் ஏழு குழந்தைகளுக்குத் தொப்பி தைத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

26 டிசம்பர், வெள்ளி. ஆம்பூர்.

எடுத்த மாட்யூல்கள் எல்லாவற்றையும் ஒரு குறுந்தகட்டில் பதிந்துகொண்டேன். நகல் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இனி அந்தத் தட்டையே பதிலாகக் கொடுக்கலாம். லைன் அறுந்தால் கவலை இல்லை. கருவிக்கு அது பின்லாந்தா, என் மேஜை இழுப்பறையா என்ற பேதம் கிடையாது.

ஃபீபிக்கு ரோஸ் செய்த கேக் கொடுத்தேன். நசீர் அகமதுக்குத் தனி டப்பா. "பெருநாள் பிரியாணிக்குக் கணக்குத் தீர்ந்துச்சா?" என்று கேட்டுவிட்டு இரண்டு துண்டு எடுத்தார். மாமாவின் தேர்தல் கதையைத் திருத்தி எழுதப்போகிறேனா என்றும் கேட்டார்.

"இனிமே வரமாட்டீங்களா சார்?" என்றாள் ஃபீபி.

"வேல முடிஞ்சுபோச்சேம்மா."

"அந்த டேபிள்ல நான் ஃபைல் வெச்சிடுவேன் அப்புறம். பின்னாடி கேக்கக்கூடாது."

1 ஜனவரி 2004, வியாழன்.

ஃபேக்ஸை எடுத்துப்போய்விட்டார்கள். மேஜையில் அது இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது.

பதினொன்றேகாலுக்குக் கலவையிலிருந்து முதல் செய்தி. கால்நடை மருத்துவமனையில் மருத்துவர் இல்லை, பத்தாவது மாதம். பிரிந்தது, மாறியது, சென்னைக்குப் போனது. எழுத்து உடைந்திருந்தால் சென்னையிலிருந்து உடனே திட்டி போன் வரும். மாலைவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

போன் வரவில்லை. இன்றைய செய்தி அதுதான்.

2 ஜனவரி, வெள்ளி.

வந்திருக்கிறது. ஐந்தாம் பக்கம், ஒற்றைப் பத்தி. "நமது நிருபர்." எதிர்பார்த்ததுதான். கலவை இருக்கிறது. போதும்.

9 ஜனவரி, வெள்ளி.

காலையில் கால் தானாகப் பேருந்து நிலையத்துக்குப் போனது. ஆம்பூர் வண்டி நின்றுகொண்டிருந்தது. சிரித்துக்கொண்டே திரும்பி வந்தேன். சிட்னிக்கும் டென்மார்க்குக்கும் கடிதம் எழுதினேன். என்ன செய்தீர்கள் என்பதை, கலவை எங்கே இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்து எழுதினேன். இந்த முறையும் நீண்டுவிட்டது.

20 ஜனவரி, செவ்வாய்.

ஐந்தாம் பக்கம். ஏரி மதகு உடைப்பு. தலைப்புக்குக் கீழே: "கலவை கோதண்டராமன்."

கண்ணாடியைப் போட்டு மறுபடி பார்த்தேன். ரோஸிடம் காட்டினேன். அவள் சத்தமாகப் படித்தாள்.

எப்படி வந்தது? வெட்டுகிறவர் லீவா, மறந்துவிட்டாரா, அல்லது யாராவது தெரிந்தே விட்டார்களா? ஒரு போன் போட்டால் தெரியும். எடுத்த ரிசீவரை வைத்துவிட்டேன். கேட்டால் நாளையிலிருந்து வெட்டுவார்கள்.

ஆறு மணிக்குக் கலவையிலிருந்து போன் வரவில்லை. ஏழுக்கும் இல்லை.

21 ஜனவரி, புதன்.

இன்றும் ஆறு மணிக்கு வரவில்லை. எட்டு மணிக்கு வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"சார், பேப்பர் பாத்தேன். நேத்தியே ஏரிக்குப் போய்ட்டேன். இன்னிக்கும் போனேன்."

"எதுக்கு?"

"மூணு மதகு ஒடஞ்சிதுன்னு எழுதிட்டேன். கரை மேல ஒருத்தன் சொன்னான், நம்பிட்டேன். எறங்கிப் பாத்தா ரெண்டுதான். மூணாவது ஒழுவுது, அவ்ளோதான்."

"சின்ன விஷயம். விடுங்க."

"இன்னா சார் விடறது? பேரு போட்டுட்டாங்களே! ஊரே படிச்சுட்டு வருது. டீக்கடைல ஒருத்தன் கேட்டே கேட்டுட்டான், கோதண்டம், மூணாவது எதுய்யான்னு."

பத்தரைக்கு அலுவலகக் கணினியில் கலவையிலிருந்து ஒரு திருத்தம் வந்தது. நான்கு வரி. இருபத்திரண்டு வருடத்தில் அவர் அனுப்பிய முதல் திருத்தம். தலையில் அவர் பெயர். பிரிந்தது, மாறியது, யாரையும் கேட்காமல் சென்னைக்குப் போனது. நானும் ஒரு சொல்லை வெட்டவில்லை.